அத்தை கேட்ட ரத்தப் பரிசோதனை

சென்ற மாதம் மலேசியாவில் பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பிலிருந்து அத்தை தொலைபேசியில் அழைத்து, ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும், எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்டார். சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ அல்ல. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மைத்துனர் அனுப்பியிருந்த ஒரு செய்தியைப் பேத்தி அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மெல்லும் புகையிலையில் உள்ள ரசாயனங்கள் உடம்பில் உறங்கிக் கிடக்கும் வைரஸ்களை எழுப்பிவிடுகின்றன, அப்படி எழுந்த வைரஸ்கள் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்பது அதன் சாரம். மைத்துனர் அதை எச்சரிக்கையாகத்தான் அனுப்பினார். அத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பொருள் வேறு. "அந்தக் கிருமி என் உடம்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் தம்பி. இல்லையென்றால் நான் பாட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம்தானே?"

அத்தைக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. பதினாறு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன நாளிலிருந்து வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு ஒரு கிள்ளு புகையிலை. விடியுமுன் வெறும் வயிற்றோடு மலைக்காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பசியை அடக்கவும் அதுதான், காலில் ஏறும் அட்டையை விழவைக்கவும் அதுதான் என்று சொல்வார். தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயம் இடிக்கப்பட்டு, மகன் கட்டிய வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பித்தளைப் பெட்டி மட்டும் கூடவே வந்துவிட்டது.

பினாங்கில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ரத்தமும் சளியும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான், ஆராய்ச்சியாளன் அல்லன். ஆனால் அத்தையின் கேள்வியை அசட்டுத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தி சொன்ன தர்க்கத்தை அவர் சரியாகவே பின்தொடர்ந்திருக்கிறார். எழுப்புவதற்கு வைரஸ் இருந்தால்தான் ஆபத்து என்றால், வைரஸ் இல்லாதவருக்கு அது அனுமதிச் சீட்டுத்தானே? ஆகவே அந்த உறக்கம், விழிப்பு என்ற கதையை முதலிலிருந்து அலசிப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

உறங்கும் வைரஸ் என்பது கற்பனை அல்ல. 1964ஆம் ஆண்டில் ஆந்தனி எப்ஸ்டைன், இவான் பார், பெர்ட் அச்சோங் ஆகிய மூவர், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் பர்க்கிட் கட்டியிலிருந்து வளர்த்த உயிரணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டுபிடித்த எப்ஸ்டைன்-பார் வைரஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உலகில் வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில் வழியாக வந்துவிடும்; வந்ததே தெரியாது. வந்தபின் அது 'பி' வகை வெள்ளையணுக்களுக்குள் புகுந்து, தன் டி.என்.ஏ.வை ஒரு வளையமாகச் சுருட்டிக்கொண்டு, ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும் அணைத்துவிட்டு இருக்கும். உயிரணு பிரியும்போது அதுவும் கூடவே படியெடுக்கப்படும், அவ்வளவுதான். தோட்டத்து மொழியில் சொன்னால், அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குடியிருப்பது.

அந்த அடுப்பை மீண்டும் மூட்டுவதற்கு ஒரு மரபணு போதும். பி.இசட்.எல்.எஃப்.1 என்று அதற்குப் பெயர். அது இயங்கத் தொடங்கினால் மற்றவை வரிசையாக இயங்கி, வைரஸ் ஆயிரக்கணக்கில் பெருகி, உயிரணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். எதெல்லாம் இந்த மரபணுவைத் தட்டி எழுப்பும் என்ற தேடல்தான் நமக்கு வேண்டிய இடம். இதில் முதலில் அகப்பட்ட பொருள்களில் ஒன்று, நம் சித்த வைத்தியர்கள் பேதிக்குக் கொடுக்கும் நேர்வாளம். நேர்வாள எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த டி.பி.ஏ. என்ற பொருள், எலியின் தோலில் புற்றுக்கட்டி வளர்வதைத் தூண்டும் என்று முன்பே தெரிந்திருந்தது. அதே பொருள் உறங்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸையும் எழுப்புகிறது என்று 1978இல் ஹரால்ட் சூர் ஹௌசன் காட்டினார். கருப்பை வாய்ப் புற்றுக்கும் பாப்பிலோமா வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றவரும் அவர்தான். அடுத்த ஆண்டே பியூட்டிரேட் என்ற எளிய கொழுப்பு அமிலமும் அதே வேலையைச் செய்வது தெரிந்தது. அதன் பிறகு ஜப்பானில் யோஹேய் இட்டோ, ஆமணக்குக் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் சாற்றில் இந்த எழுப்பும் தன்மை இருப்பதைக் கண்டு, சீனத் தெற்கில் வரும் மூக்குத்தொண்டைப் புற்றுக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமோ என்று கேட்டார்.

ஆகவே, ஒரு செடியின் சாறு உறங்கும் வைரஸை எழுப்பக்கூடும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய அறிவு. புகையிலை அந்த வரிசையில் பின்னால் வந்து நின்றது. எப்ஸ்டைன்-பார் வைரஸைச் சுமக்கும் வெள்ளையணுக்களை மெல்லும் புகையிலையின் சாற்றில் வைத்துப் பார்த்த சோதனைகள் நடந்தன. 2012இல் வெளியான சீன ஆய்வு ஒன்று சிகரெட்டை எடுத்துக்கொண்டது: புகைப்பவர்களின் ரத்தத்தில் வைரஸ் விழித்துக்கொண்டதைக் காட்டும், உடம்பு அதற்கு எதிராக ஆக்கும் எதிர்ப்பொருள்கள் கூடுதலாகக் காணப்பட்டன, புகைச்சாறு ஊற்றிய உயிரணுக்களிலும் வைரஸ் பெருகியது. மைத்துனர் அனுப்பிய செய்திக்கு அடியில் உண்மை இருக்கிறது என்று இதுவரை சொல்லலாம்.

ஆனால் இங்கேதான் அந்தச் செய்தி தாண்டிக் குதித்த ஒரு பள்ளம் இருக்கிறது. விழித்துக்கொண்ட வைரஸ் தான் குடியிருந்த உயிரணுவைக் கொன்றுவிடும். செத்த உயிரணு கட்டியாக வளராது. அப்படியானால் விழிப்பு எப்படிப் புற்றுநோய் ஆகும்? இதைப் படித்தபோது, முப்பத்தொரு ஆண்டுகள் இந்த வைரஸின் பெயரைப் படிவங்களில் எழுதிக்கொண்டிருந்தும் இப்படி ஒரு கேள்வியை ஒரு நாளும் கேட்காமல் போனேனே என்று வெட்கமாக இருந்தது.

இதற்குச் சான்றாக நம் வாயிலேயே ஒரு நோய் உண்டு. எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலத்தில், 1984இல், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களின் நாக்கு ஓரத்தில் மயிர் படர்ந்ததுபோல் ஒரு வெண்படலம் தோன்றுவதை அமெரிக்க மருத்துவர்கள் விவரித்தார்கள். எப்ஸ்டைன்-பார் வைரஸ் நாக்கின் மேல்தோலில் முழு மூச்சாகப் பெருகுவதால் வருவது அது. அந்த வைரஸின் விழிப்பை இதைவிட வெளிப்படையாக மனித உடம்பில் பார்க்க முடியாது. ஆனால் அந்தப் படலம் புற்றுநோயாக மாறுவதில்லை. அதே வைரஸால் வரும் மூக்குத்தொண்டைப் புற்றிலோ, கட்டியின் பெரும்பாலான உயிரணுக்களில் வைரஸ் உறக்க நிலையிலேயே இருக்கிறது. உறக்கத்தில் அது ஆக்கும் எல்.எம்.பி.1 போன்ற சில புரதங்கள்தாம் உயிரணுவை ஓயாமல் வளரச் சொல்கின்றன. விழித்தால் புற்று, உறங்கினால் நலம் என்று நாம் எண்ணிக்கொள்வதற்கு ஏறத்தாழ நேர்மாறான படம் இது.

விழிப்புக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. விழிப்பு பாதியில் நின்றுபோவதும் உண்டு. முதல் சில மரபணுக்கள் இயங்கி, வைரஸ் முழுமையாக உருவாகாமல், உயிரணுவும் சாகாமல் நிற்கும் அந்த இரண்டுங்கெட்டான் நிலையில், அழற்சியைத் தூண்டும் பொருள்களும் புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும் பொருள்களும் சுரந்து, பக்கத்தில் உள்ள கெட்டுப்போன உயிரணுக்களுக்கு உரமாகின்றன. முழு விழிப்பில் வெளியேறும் வைரஸும் புதிய உயிரணுக்களுக்குள் குடியேறி, புற்றுக்கு இடமாகக்கூடியவற்றின் எண்ணிக்கையைக் கூட்டலாம். ஆகவே விழிப்பு ஒரு துணைக் காரணமாக இருக்க வழி உண்டு. அந்த வழி செய்தித் தலைப்பு போல நேர்க்கோடாக இல்லை என்பதுதான் என் குறை.

உதட்டு ஓரத்தில் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்குகிறது. மூக்குப்பொடியும் புகையிலைச் சாறும் இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன என்று 1984இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டினார்கள், எழுப்பவில்லை, அடக்கிவிட்டது! ஆனால் 1986இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், வெள்ளெலிகளின் கன்னப்பையில் இந்த வைரஸையும் ஏற்றி, மனிதர் அதக்குவது போலவே பொடியையும் வைத்தபோது, இரண்டும் சேர்ந்த விலங்குகளில் பரவும் தன்மை கொண்ட புற்று உண்டாயிற்று. வைரஸ் பெருகினால் உயிரணு சாகும். புகையிலை அந்தப் பெருக்கத்தைத் தடுத்ததால், வைரஸால் காயம்பட்ட உயிரணு சாகாமல் பிழைத்து, கெட்ட வழியில் வளர்ந்ததோ என்று ஐயப்பட இடம் இருக்கிறது. தூக்கத்தைக் கலைப்பதால் வரும் கேடு ஒன்று என்றால், சாக வேண்டியதைச் சாகவிடாமல் வைப்பதால் வரும் கேடு வேறொன்று.

பாப்பிலோமா வைரஸைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அது உண்டாக்கும் புற்று பெரும்பாலும் தொண்டையின் டான்சில் பகுதியிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வருவது. வெற்றிலை மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கத்திலும் ஈறிலும் வரும் புற்றில் அதன் பங்கு சிறியது.

எனக்கு உண்மையிலேயே ஆர்வம் தந்தது வேறு இரண்டு செய்திகள். ஒன்று ஈறு நோய். பல்லிடுக்கில் வாழும் போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா, முன்பு சொன்ன பியூட்டிரேட் அமிலத்தைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பு எப்ஸ்டைன்-பார் வைரஸை எழுப்புகிறது என்று 2012இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. வெற்றிலை போடுபவர்களின் ஈறு பெரும்பாலும் எந்த நிலையில் இருக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உள்தசை நாராக இறுகி, வாயை இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாமல் போகும் நோய். அந்த இறுக்கத்துக்குப் பின்னால் நின்று வேலை செய்வதில் முக்கியமானது, உடம்பே சுரக்கும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற பொருள். இதே பொருள் வெள்ளையணுக்களில் உறங்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸை எழுப்பக்கூடியது என்பது 1990களிலேயே ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. புகையிலை ரசாயனம் நேராகப் போய் வைரஸைத் தட்டுகிறதா என்பதைவிட, மெல்லும் வழக்கம் வாயை ஆண்டுக்கணக்கில் புண்ணாக வைத்திருந்து, அந்தப் புண்ணின் சூழல் வைரஸைத் தொந்தரவு செய்கிறதா என்று கேட்பதே சரியான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், ஊகமாகவே கொள்க.

இவ்வளவும் ஆய்வகத் தட்டில் நடப்பவை. தட்டை விட்டு வெளியே வந்தால், நம் நாடே ஒரு சோதனைக்கூடம் போல இருக்கிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பார்த்து வருவதில்லை. எல்லார் எச்சிலிலும் இருக்கிறது. ஆனால் மூக்குத்தொண்டைப் புற்று மலேசியச் சீன ஆண்களிடம் அதிகம். சரவாக்கின் பிடாயு மக்களிடம் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாகக் காணப்படுகிறது. நம்மிடம் அது அரிது. வாய்ப் புற்றோ இந்நாட்டு இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், முதல் பத்துப் புற்றுநோய்களில் ஒன்றாக நிற்கிறது. 1993, 1994 ஆண்டுகளில் நாடு முழுவதும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்த்து எடுத்த கணக்கெடுப்பிலும், வாய்ப் படலங்கள் அதிகம் காணப்பட்டது இந்தியர்களிடம்தான். ஒரே வைரஸ், வெவ்வேறு புற்று. ஒரு பக்கம், மூக்குத்தொண்டைப் புற்றுக்குக் காரணங்களாகச் சொல்லப்படும் மரபும் உப்புக்கருவாடும். இன்னொரு பக்கம் வெற்றிலைப் பெட்டி. வைரஸை எழுப்புவதுதான் மெல்லும் புகையிலையின் முதன்மையான வழி என்றால், ஐம்பது ஆண்டுகள் மென்ற தோட்டத்துப் பெண்களிடம் அந்த வைரஸுக்கே உரிய புற்றும் கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டாமா? இது முடிவான நிரூபணம் ஆகாது என்பதை அறிவேன். மூக்கின் பின்புறத்துக்கும் கன்னத்துக்கும் தூரம் உண்டு, மரபும் குறுக்கே நிற்கும். ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது.

தராசை முழுதாகச் சாய்த்தது ஒரு எலிச் சோதனை. புகையிலையைப் பதப்படுத்தும்போது நிக்கோடினின் உறவுப் பொருள்களிலிருந்து நைட்ரோசமைன்கள் உண்டாகின்றன. அவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மெல்லும் புகையிலையில் புற்று உண்டாக்கும் பொருள்கள் குறைந்தது 28 என்று கணக்கு. 2013இல் அமெரிக்காவின் மின்னசோட்டா ஆய்வாளர்கள், என்.என்.என். பொருளின் ஒரு வடிவத்தைக் குடிநீரில் மட்டும் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளின் வாயில் கட்டிகள் வந்தன. எலிக்கு எப்ஸ்டைன்-பார் வைரஸ் கிடையாது. அது மனிதனை நம்பி வாழும் வைரஸ். உறங்குவதற்கும் எழுவதற்கும் யாரும் இல்லாத வாயிலேயே புற்று வந்துவிட்டது. இந்த ரசாயனம் நேராக டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு எழுத்துப் பிழை உண்டாக்குகிறது. அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

அத்தையை மறுவாரம் நேரில் பார்க்கப் போனபோது இந்த எலியைத்தான் முதலில் சொன்னேன். பரிசோதனையைப் பற்றியும் சொன்னேன். ரத்தத்தில் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தால், "இருக்கிறது" என்றுதான் வரும். எனக்குப் பார்த்தாலும் வரும், தெருவில் போகிறவருக்குப் பார்த்தாலும் வரும். அந்த விடையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்தத்தில் மிதக்கும் வைரஸ் டி.என்.ஏ.வை அளக்கும் வேறொரு பரிசோதனை உண்டு. ஹாங்காங்கில் ஏறத்தாழ 20,000 ஆண்களை அப்படிச் சோதித்து, மூக்குத்தொண்டைப் புற்றை அறிகுறி தோன்றும் முன்பே பிடிக்க முடிகிறது என்று 2017இல் வெளியிட்டார்கள். அருமையான வேலை. ஆனால் அது அந்தப் புற்றுக்கு. வெற்றிலைப் புற்றுக்கு அல்ல. அத்தையின் கன்னத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிய ரத்தம் எடுக்க வேண்டியதே இல்லை. வாயைத் திறந்து, நல்ல விளக்கு வெளிச்சத்தில், ஒரு பல் மருத்துவர் பார்த்தால் போதும்.

"வாயைத் திறக்கச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தாயா?" என்றார். ஆனால் திறந்தார். வழக்கமாகப் புகையிலையை அதக்கிவைக்கும் இடது கன்னத்தில், கடைவாய்ப் பல்லை ஒட்டி, ஐந்து காசு அகலத்தில் ஒரு வெள்ளைப் படலம். கைப்பேசி விளக்கில் எனக்கே தெரிந்தது. விரலால் தேய்த்தால் போகிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னேன், போகவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, காரம் பட்டால் மட்டும் எரியும், அது இரண்டு ஆண்டாக அப்படித்தான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

அரசாங்கப் பல் மருத்துவமனையில் சிறு துண்டு திசு எடுத்துப் பார்த்தார்கள். படிவத்தை வாங்கிப் பழைய பழக்கத்தில் வரிவரியாக வாசித்தேன். எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, புகையிலை உண்டா, எந்தக் கன்னம், இரவில் வாயில் வைத்துக்கொண்டே தூங்குவாரா என்றெல்லாம் கேட்டு எழுதியிருந்தார்கள். வைரஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. முடிவு இரண்டு வாரத்தில் வந்தது: உயிரணுக்களில் லேசான மாற்றம், புற்று இல்லை, பழக்கத்தை விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

புகையிலையை அன்றே விட்டுவிட்டார். பாக்கை விடவில்லை. புகையிலை கலந்த வெற்றிலையைப் புற்று உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே சொல்லிவிட்டது, புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், வெறும் பாக்கையும் கூட 2004இல் அதே வகுப்பில் சேர்த்துவிட்டார்கள் என்று நான் விளக்கியபோது, அத்தை நெடுநேரம் பேசாமல் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "பாக்குக்கும் ஆகாது என்றால் இந்த ஊருக்கு ஏன் அதன் பெயரை வைத்தார்கள்?" என்று கேட்டார். பினாங்கு என்றால் மலாயில் பாக்கு மரம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடுத்த பரிசோதனை மார்கழி மாதம். அதுவரை ஒரு நாளைக்கு இரண்டு பாக்கு என்று பேரம் முடிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பேத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.